எலீ வீசலின் ‘நைட்’: மீட்க யாரும் வராத ஒரு சாட்சியம்

பாளையங்கோட்டையில் ஒரு பழைய புத்தகக் கடையில் இந்தச் சிறு நூலை வாங்கி, திருச்செந்தூர் பாசஞ்சர் ரயிலில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினேன். சுமார் 120 பக்கந்தான். ஊர் போய்ச் சேர்வதற்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். நாசரேத் நிலையத்தில் வண்டி நின்றபோது, நூலில் வரும் சிறுவன் கால்நடை ஏற்றும் ரயில் பெட்டியிலிருந்து ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமின் மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தான். அதற்குமேல் அன்று வாசிக்க முடியவில்லை. ஊர்ப் பெயரே வேதாகமத்திலிருந்து வந்த ஒரு வட்டாரத்தில், ஆபிரகாம், சாமுவேல், தானியேல் என்று பெயர் வைத்துக்கொண்டு வாழும் எங்களில் பெரும்பாலோர் ஒரு யூதரையும் நேரில் கண்டதில்லை என்பது அந்த நேரத்தில் எனக்கு விநோதமாகப் பட்டது.

எலீ வீசல் 1928இல் இன்றைய ருமேனியாவிலுள்ள சிகெத் என்ற சிற்றூரில் பிறந்தவர். பன்னிரண்டு வயதிலேயே பகலில் தால்மூத் என்னும் யூத நெறிநூலைப் பயில்வதும், இரவில் யூத ஜெப ஆலயத்துக்குப் போய் எருசலேம் ஆலயத்தின் அழிவை எண்ணி அழுவதுமாக இருந்த பிள்ளை. கபாலா என்னும் மறைஞானத்தை அவருக்குக் கற்பித்தவர் மோய்ஷே. நம் ஊர்ச் சபைகளில் கோயில்குட்டி என்று சொல்வோமே, அப்படியொரு ஏழைப் பணிவிடைக்காரர். அப்போது அங்கேரியின் ஆட்சியில் இருந்த அந்த ஊரின் யூதர்களை 1944 மே மாதத்தில் வெளியேற்றினார்கள். அந்த ஆண்டு மே நடுப்பகுதி தொடங்கி எட்டு வாரங்களில் அங்கேரிய ஆட்சிப் பகுதிகளிலிருந்து 4 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் நாடு கடத்தப்பட்டார்கள். மிகப் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்த இடம் ஆஷ்விட்ஸ். தாயையும் கடைசித் தங்கையையும் அங்கே இறங்கிய முதல் இரவிலேயே இழந்த அந்தப் பதினைந்து வயதுப் பையன், தந்தையின் கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்கிறான்.

இந்த நூலை வாசிக்கும் தமிழருக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. துன்புறுத்தப்பட்ட பக்தர் கதைகளை நாம் தாய்ப்பாலோடு குடித்திருக்கிறோம். நீற்றறையில் ஏழு நாள் அடைத்தும் வேகாதவர், கல்லோடு பிணைத்துக் கடலில் எறிந்தும் மிதந்து கரையேறியவர் அப்பர். தூணைப் பிளந்துகொண்டு பிரகலாதனுக்காக ஒருவர் வந்தார். உபதேசியாராக இருந்த என் தாத்தா சாயங்கால ஜெபத்தில் சொன்ன கதைகளில் சிங்கக் கெபியின் வாய்கள் கட்டப்பட்டன. எரிகிற சூளையில் மூன்று பேரோடு நான்காவதாக ஒருவர் உலாவினார். ஆஷ்விட்ஸின் சூளையில் நான்காவது ஆள் உலாவவில்லை. அதே தானியேல் கதையைத் தன் சொந்த மூதாதையர் கதையாகக் கேட்டு வளர்ந்த பிள்ளையே அதைப் பார்த்தபடி நிற்கிறான் என்பதுதான் இந்த நூலைப் பிற போர்க்கால நினைவுக் குறிப்புகளிலிருந்து பிரிக்கிறது. கடவுளைப் பற்றி அதிகம் கவலைப்படாத ஒருவர் இதே முகாமை எழுதியிருந்தால் பசியும் குளிரும் அடியும் இருந்திருக்கும். இந்த வழக்கு இருந்திருக்காது.

வழக்கு முதல் இரவிலேயே தொடங்கிவிடுகிறது. நெருப்புக் குழியை நோக்கி நடக்கும் வரிசையில் காடிஷ் என்னும் ஜெபத்தை முணுமுணுக்கிறார்கள். இறந்தவருக்காக உயிரோடிருப்பவர் சொல்வது அது. ஆனால் அதில் சாவைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது, முழுவதும் கடவுளின் பெயரை உயர்த்திப் போற்றுவது. தங்களுக்காகத் தாங்களே அதைச் சொல்லிக்கொள்ளும் அந்த வரிசையில், எதற்காகப் போற்றவேண்டும் என்ற கோபம் அவனுக்குள் முதன்முதலாக எழுகிறது.

1944 செப்டம்பரில், பூனா என்ற துணை முகாமில், யூதப் புத்தாண்டு வருகிறது. பல்லாயிரம் கைதிகள் திறந்த வெளியில் கூடி ஆசி ஜெபம் சொல்கிறார்கள். அவன் மட்டும் வாய் திறப்பதில்லை. முன்பெல்லாம் அந்த நாளில் தன் பாவங்களை எண்ணிக் கலங்கியவன், இப்போது குற்றவாளிக் கூண்டில் நிற்பது தானல்ல என்று உணர்கிறான். அடுத்து வரும் யோம் கிப்பூர் ஒரு முழு நாள் உண்ணாமலும் பருகாமலும் இருந்து பாவநிவிர்த்தி தேடும் நாள். ஆண்டு முழுவதும் பட்டினி கிடப்பவர்கள் உபவாசம் இருக்கவேண்டுமா என்று முகாமில் விவாதம் நடக்கிறது. உயிர் காக்க நியமங்களை மீறலாம் என்பது யூத நெறியே அனுமதிப்பது. அந்தச் சலுகையை அவன் எடுத்துக்கொண்டிருந்தால் சிக்கலே இல்லை. தந்தையின் சொல்லுக்கு அடங்கியும், அதற்கும் மேலாகக் கடவுளுக்கு எதிர்ப்புத் தெரிவிக்கவும், அன்று தன் ரொட்டியைத் தின்கிறான். தின்றபின் நெஞ்சில் ஒரு வெற்றிடம். இந்த ஒரு பக்கத்தை நான் நான்கு முறை வாசித்தேன். நம்பிக்கை முழுதும் செத்தவனுக்கு யோம் கிப்பூர் மற்றொரு புதன்கிழமை போலத்தான்; எதிர்ப்பாகத் தின்னவேண்டுமானால் எதிரே ஒருவர் இருக்கவேண்டும்.

சுந்தரர் தம் கண்ணைப் பறித்த சிவனோடு சண்டையிட்டதை அறிந்த நமக்கு இது முற்றிலும் அந்நியமல்ல என்று முதலில் எண்ணினேன். பிறகு அந்த ஒப்புமை எனக்கே கூசியது. சுந்தரருக்குக் கண் திரும்பக் கிடைத்தது.

ஆறுதல் தேடி வாசிப்பவரை இந்த நூல் எந்த இடத்திலும் தட்டிக்கொடுப்பதில்லை. அக்கீபா ட்ரூமர் என்றொரு கைதி, ஆழ்ந்த குரலில் பக்திப் பாடல்கள் பாடியவர், நம்பிக்கை உடைந்த கணத்திலேயே உயிர்வாழும் விருப்பத்தையும் இழக்கிறார். சாவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபின், மூன்று நாள் கழித்துத் தமக்காகக் காடிஷ் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறார். சரி என்கிறார்கள். வேலையும் அடியுமாகப் போன அந்த நாள்களில் மறந்துவிடுகிறார்கள். நம் ஊரில் பதினாறாம் நாள் காரியத்தைத் தள்ளிப்போட்டால்கூடப் பத்துப் பேர் கேட்பார்கள். இங்கே மறந்ததை ஆசிரியர் ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

என் கணிப்பில் நூலின் மையம், கைதிகளை வேறு முகாமுக்குப் பனியில் ஓடவைக்கும் கட்டத்தில் இருக்கிறது. தள்ளாடும் ஒரு ரபி, யூத மதகுரு, தம் மகனைத் தேடி வருகிறார். அந்த மகன் தந்தை பின்தங்குவதைக் கண்டும் முன்னே ஓடியவன் என்பது நம் பையனுக்கு நினைவு வருகிறது. அப்போது, தான் இனி நம்பாத அந்தக் கடவுளை நோக்கி, அவனையறியாமல் ஒரு ஜெபம் எழுகிறது: அந்த மகன் செய்ததைத் தான் ஒருபோதும் செய்யாதிருக்க வலிமை வேண்டும் என்று. கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. 1945 ஜனவரி இறுதியில் புகன்வால்ட் முகாமில் தந்தை தன்னைப் பெயர் சொல்லி அழைத்தபோது, அடிக்குப் பயந்து அவன் பேசாதிருக்கிறான். விடிந்தபோது அந்தப் படுக்கையில் வேறொரு நோயாளி கிடக்கிறார்.

நூல் ஏப்ரலில் கிடைத்த விடுதலையோடு முடிகிறது. எனவே இதை மட்டும் வாசிப்பவர் இது நம்பிக்கையிழந்தவனின் கதை என்று முடிவு கட்டக்கூடும். வீசல் இறுதிவரை ஜெபத்தையும் விடவில்லை, சண்டையையும் விடவில்லை. ஆஷ்விட்ஸில் கற்றறிந்த மூவர் கடவுள்மீது வழக்கு நடத்தியதைத் தாம் பார்த்ததாகப் பின்னாளில் அவர் சொன்னார். அவர்கள் தீர்ப்பில் பயன்படுத்திய எபிரேயச் சொல் ‘ஹயாவ்’. குற்றவாளி என்பதைவிட நமக்குக் கடன்பட்டவர் என்பதே அதன் பொருள் என்று விளக்கினார். தீர்ப்புச் சொல்லிவிட்டு எல்லோரும் ஜெபிக்கப் போனார்களாம். நூலின் கடைசியில் சேர்த்திருக்கும் 1986ஆம் ஆண்டு நோபல் அமைதிப் பரிசு ஏற்புரையை விட, இந்தச் செய்தி ஒரு பின்குறிப்பாக அச்சாகியிருந்தால் வாசகருக்குப் பயன்பட்டிருக்கும்.

பதிப்பைப் பற்றி. என்னிடம் இருப்பது ஆசிரியரின் மனைவி மேரியன் வீசல் செய்த 2006ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் 1956இலும் பிரெஞ்சில் 1958இலும் வந்த படைப்பு இது. ஆங்கிலம் எளியது, பிளஸ் டூ மாணவர் அகராதியின்றி வாசிக்கலாம். ஆனால் யூத வழிபாட்டுச் சொற்களுக்குக் குறிப்புரை போதாது. காடிஷ் என்னவென்று தெரியாமல் வாசித்தால் பாதி நூல் கைநழுவிவிடும். தூக்கிலிடப்படும் சிறுவனின் பக்கம் இருப்பதால், பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளிடம் கொடுக்கத் தயங்குவேன்.

பிரெஞ்சு எழுத்தாளர் ஃபிரான்சுவா மோரியாக்கின் முன்னுரையை மட்டும் கடைசியில் வாசியுங்கள். அவர் கத்தோலிக்கர், அந்தத் தூக்குமரத்தைக் கண்டதும் அவர் மனம் சிலுவைக்குப் போகிறது, கிறிஸ்தவனாகிய என் மனமும் அங்கேதான் போனது. முதலிலேயே அதை வாசித்தால், ஒரு யூதச் சிறுவனின் கேள்விக்கு வேறொரு மதத்தின் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைவோம். மோரியாக் அந்தப் பதிலை வீசலிடம் சொல்லவில்லை. கட்டித் தழுவி அழ மட்டுமே தம்மால் முடிந்தது என்று எழுதியிருக்கிறார்.