ரீஜென்: கூட்டி வைப்பதா, குறைத்து வைப்பதா?

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே வண்டியை மெதுவாக்கி, அந்தச் சக்தியைப் பேட்டரிக்குத் திருப்புவதுதான் ரீஜென். டாடா நெக்ஸான் இவி என்ற மின்சார காரில் அதன் அளவு 0 (இல்லை) முதல் 3 (அதிகம்) வரை. ரேஞ்சுக்கு, அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரத்துக்கு, எது நல்லது?

நகர நெரிசல்
3: பிரேக் பேடில் சூடாகிப் போகும் சக்தியில் ஒரு பங்கு பேட்டரிக்குத் திரும்பும்.
0: பேட் தேயும், அவ்வளவுதான்.

நால்வழிச்சாலை
0: காலை எடுத்தால் கார் தானாக உருளும். மோட்டார், இன்வர்ட்டர் (இரண்டுக்கும் நடுவே மின்சாரத்தை மாற்றித் தரும் கருவி), பேட்டரி என்று போய்த் திரும்பும் சக்தியில் ஒரு பங்கு வழியிலேயே வீணாவதால், உருள விடுவதே லாபம்.
3: காலைச் சற்றுத் தளர்த்தினாலே வண்டி இழுத்துப் பிடிக்கும்; மறுபடி மிதிக்க வேண்டிவரும்.

மலை இறக்கம்
சந்தேகமே வேண்டாம், 3. ஆனால் ஊட்டியில் 100% சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்கினால் பேட்டரியில் இடமிருக்காது, ரீஜென் படுத்துவிடும். 80%இல் பிளக்கைப் பிடுங்குங்கள்.

ஊருக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு 2 அல்லது 3. ஹைவே ஓட்டத்துக்கு 0 அல்லது 1. மணிக்கு 80 கி.மீ.க்குப் பதில் 100இல் பறந்தால் காற்றுத் தடை ஒன்றரை மடங்கைத் தாண்டும். அந்த இழப்பை எந்த ரீஜெனும் ஈடுகட்டாது.