ஏழு புள்ளி கேஸ் 6318: ஒரு பழைய மடக்குக் கத்தி

பிட்ஸ்பர்க் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் 85 டாலருக்கு வாங்கினேன். பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் கேஸ் நிறுவனம் செய்த கத்தி. எலும்புப் பிடி, மூன்று அலகு, மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். விற்றவர் 1974 என்றார். நான் லென்ஸை எடுத்தேன்.

பெரிய அலகு பிடிக்குள் நுழையும் கழுத்தில் 'கேஸ் எக்ஸ்எக்ஸ்', அடுத்து 'யு.எஸ்.ஏ.', அதற்குக் கீழே கடுகைவிடச் சின்னப் புள்ளிகள். 1970இல் பத்துப் புள்ளியில் ஆரம்பித்து, வருடத்துக்கு ஒன்றாகக் குறைத்து, 1979இல் ஒன்றில் முடித்தார்கள். 80இலிருந்து புள்ளிகளைக் கழித்தால் கத்தி செய்த வருடம் கிடைத்துவிடும். 1980இல் மறுபடி பத்து. ஆனால் எஸ் எழுத்து மின்னல்போல் ஒடிந்து நிற்கும், குழப்பமே வராது. எனக்கும் முதலில் ஆறுதான் தெரிந்தது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்ததும் ஓரத்தில் தேய்ந்து கிடந்த ஏழாவது புள்ளி நிழலோடு எழுந்து வந்தது. 1973!

இந்தப் பொறுமையை நான் காசை இழந்துதான் கற்றேன். முன்பு ஒருவரிடம் பளபளவென்று மின்னிய ஒன்றைப் புள்ளியே இல்லாத 1965–69 காலத்துக் கத்தி என்று நம்பி அதிக விலைக்கு வாங்கினேன். வீட்டில் பார்த்தால் எழுத்தே மங்கியிருந்தது. பாலிஷ் போட்டே புள்ளிகளை அழித்திருக்கிறார்கள். அதிலிருந்து மின்னும் பழைய கத்தியைக் கண்டாலே எனக்குச் சந்தேகம்தான். கறை படிந்ததே மேல்.

கழுத்தின் மறுபக்கம் 6318. 3 என்பது மூன்று அலகு, 18 என்பது அந்த வடிவத்தின் எண். 6 எலும்பைக் குறிக்கும், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். எலும்பைப் போலவே டெல்ரின் பிளாஸ்டிக்கில் செய்த பிடியும் இதே எண்ணில் வந்தது. நிஜ எலும்பில் ஊசிமுனை அளவு கருந்துளைகள் தெரியும். இதில் தெரிகின்றன.

சரி, வெட்டுமா? நன்றாகவே வெட்டுகிறது. திறந்தால் 'டக்' என்று நிற்கிறது, ஆட்டம் இல்லை. துருப்பிடிக்காத எஃகு இல்லை, அதனால் ஆப்பிள் நறுக்கினால் அலகு நீலம் பாரிக்கும். துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். பெரிய அலகு பலமுறை சாணை பிடித்து ஒடுங்கியிருக்கிறது, அதற்காகப் பத்து டாலர் குறைத்திருக்கலாம்.

மழுங்கிய முனை கொண்ட ஸ்பே அலகு கன்றுகளுக்குக் காயடிக்க என்று வைத்தது. முன்பு வைத்திருந்தவருக்கு மாடு இருந்ததில்லை போலும், அதில் சாணைக் கீறல்கூட இல்லை. ஆலையில் வைத்த கூர் அப்படியே இருக்கிறது. நானும் அதைத் தொடுவதாக இல்லை.