கொலம்போ டிவிடி பெட்டி: டர்பனில் வாங்குவோர் கவனத்துக்கு

பீட்டர் ஃபால்க்கின் முப்பத்தைந்து வருட நடிப்பை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால், அவர் துப்பறிபவராக நடித்த அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான கொலம்போவின் முழுத் தொகுப்புதான் வழி. 1968 முதல் 2003 வரை மொத்தம் 69 கதைகள். ஆனால் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ உட்கார்ந்து இணையத்தில் ஆர்டர் போடுகிறவர்கள் விலைக்கு முன்னால் ரீஜன் எண்ணை, அதாவது டிஸ்க் எந்த நாடுகளின் பிளேயரில் ஓடும் என்று காட்டும் எண்ணை, பாருங்கள். தென்னாப்பிரிக்கா டிவிடிக்கு ரீஜன் 2. பிரிட்டிஷ் பதிப்பு இங்கே சிக்கலில்லாமல் ஓடும். அமெரிக்கப் பதிப்பு ரீஜன் 1. சாதாரணப் பிளேயர் ஏற்காது. கணினியில் ரீஜனை மாற்றிக்கொள்ளலாம் என்று இறங்க வேண்டாம்: டிரைவ் ஐந்து முறைதான் மாற்ற விடும், பிறகு கடைசியாக வைத்ததிலேயே பூட்டிக்கொள்ளும். எழுபதுகளின் கதைகள் அமெரிக்காவில் புளூரேயாகவும் வந்திருக்கின்றன. அது ரீஜன் ஏ, நம்முடையது பி. எதை வரவழைத்தாலும் 15 சதவீத வாட் வரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டிஷ் பதிப்பிலும் ஒரு குறை உண்டு. வினாடிக்கு 24 சட்டகமாக எடுத்த படத்தை ‘பால்’ (PAL) என்னும் தொலைக்காட்சி முறைக்காக 25 ஆக ஓட்டுகிறார்கள். 98 நிமிடக் கதை 94இல் முடிகிறது. சுருதியும் அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறுகிறது. ஃபால்க்கின் கரகரப்பு கொஞ்சம் மெலிந்து கேட்கும். அவர் குரலை நன்கு அறிந்த காதுக்குத்தான் இது உறுத்தும். டிவியைத் தவறாமல் பழைய டிவி வடிவமான 4:3இல் வையுங்கள்; அகலமாக இழுத்தால் மழைக்கோட்டுக்காரர் கொலம்போ குண்டாகிவிடுவார்.

முதல் டிஸ்க்கை வைத்து முடிவு கட்டாதீர்கள். 1968 படத்தில் தலை வாரிய, அதட்டிப் பேசுகிற கொலம்போதான் இருக்கிறார். 1971இல் ஸ்பீல்பெர்க் இயக்கிய ‘மர்டர் பை த புக்’கில் தொடங்குவது நல்லது. கொலையாளி யாரென்று ஆரம்பத்திலேயே காட்டிவிடுவார்கள். துப்பறிபவர் சாவகாசமாகத்தான் வருவார். அதற்காகத் தள்ளி ஓட்டினால் கதையே போச்சு. அடுத்து ‘எனி ஓல்ட் போர்ட் இன் எ ஸ்டார்ம்’: டொனால்ட் பிளெசன்ஸ் கொலைகாரர், ஒயினை உயிராய் நேசிப்பவர், கடைசியில் நமக்கே பாவமாக இருக்கும்.

குளோசப்பில் ஃபால்க்கின் வலது கண்ணைக் கவனியுங்கள். இடது விழி திரும்பும்போது அது கூடவே போகாது. மூன்று வயதில் புற்றுநோய்க்காக எடுத்துவிட்டு வைத்த கண்ணாடிக் கண். தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி எதிராளியைப் பார்க்கும் அந்தத் தோரணை அவருக்கு அவ்வளவு பொருந்தியதற்கு இதுவும் ஒரு காரணம். 1997 கதையொன்றில் மூன்று கண் இருப்பது ஒரு கண்ணைவிட நல்லது என்று கொலம்போவே சொல்வார். தெரிந்தவருக்குச் சிரிப்பு வரும்.

1989 முதல் ஏபிசி தொலைக்காட்சிக்காக எடுத்தவை பல இடங்களில் இழுவை. விதிவிலக்கு பேட்ரிக் மெக்கூகன் நடித்த 1990இன் ‘அஜெண்டா ஃபார் மர்டர்’. பணம் இடித்தால் முதல் ஏழு சீசன்களை மட்டும் வாங்குங்கள், நட்டமில்லை.

பெட்டியில் இல்லாத ஃபால்க் வேறு ஆள். கசவெட்டிஸ் 1974இல் இயக்கிய ‘எ வுமன் அண்டர் தி இன்ஃப்ளூயன்ஸ்’ படத்தில், மனம் குலைந்த மனைவியை எப்படி நடத்துவதென்று தெரியாமல் கத்துகிற கட்டடத் தொழிலாளி. அதே கசவெட்டிஸ் 1972இன் ‘எட்யூட் இன் பிளாக்’ கதையில் கொலைகார இசை நடத்துநராக வருகிறார். முதலில் அதைப் பார்த்துவிட்டு, படத்தைத் தனியாக வாங்குங்கள்.