முழங்காலா, முதுகா? 60 வயதுக்குப் பிறகு பைக்கும் ஸ்கூட்டரும்

பைக்கைக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டர் வாங்கப் போகிறேன் என்று, பாளையங்கோட்டையில் நெடுநாளாக எனக்கு வண்டி பார்க்கும் மெக்கானிக்கிடம் சொன்னேன். எந்த ஸ்கூட்டர், என்ன விலை என்று அவர் கேட்கவில்லை. "அண்ணாச்சி, வலி முழங்காலிலா, முதுகிலா? அதை முதலில் சொல்லுங்கள்" என்றார். அப்போது அதை ஒரு பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன். உறவினர்கள், நண்பர்கள் வண்டிகளை இரவல் வாங்கி நான்கைந்து மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு, இந்த விஷயத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான் என்று நம்புகிறேன்.

எனக்கு வயது 63. பைக் ஓட்டத் தொடங்கி 40 ஆண்டுகள் ஆகிவிட்டன. கடைசியாக வைத்திருந்தது 350 சிசி வண்டி. சென்ற ஆண்டு ஒரு மாலை, குலவணிகர்புரம் ரயில்வே கேட்டில் காத்து நின்றேன். கேட் திறந்து வண்டிகள் நகர்ந்தபோது, இடது காலை ஊன்றிய இடம் சற்றுப் பள்ளமாக இருந்தது. வண்டி அந்தப் பக்கம் சாய்ந்தது. முன்பெல்லாம் தொடையால் முட்டுக் கொடுத்து நிமிர்த்திவிடுவேன். அன்று முழங்கால் பிடி கொடுக்கவில்லை. வண்டியை மெல்லத் தரையில் விட வேண்டியதாயிற்று. பின்னால் வந்த இரண்டு இளைஞர்கள் ஓடி வந்து தூக்கி நிறுத்தினார்கள். எனக்குக் கணுக்காலில் சிராய்ப்பு மட்டுந்தான். ஆனாலும் பின்சீட்டில் மனைவி இருந்திருந்தால் என்ற நினைப்பு அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

எடை என்னும் பாதி உண்மை

வயதானவர்களுக்கு ஸ்கூட்டர் நல்லது, எடை குறைவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வண்டியின் எடை 195 கிலோ. ஹோண்டா ஆக்டிவா 110 ஏறக்குறைய 106 கிலோ. இந்த இரண்டையும் மட்டும் பக்கத்தில் வைத்தால் ஸ்கூட்டர் இறகு போலத்தான் தெரியும். ஆனால் ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ் 112 கிலோதான். ஆறு கிலோ வித்தியாசத்துக்காக யாரும் பைக்கை விட்டு ஸ்கூட்டருக்கு மாற வேண்டியதில்லை. கனமான பைக்கிலிருந்து இறங்க நினைப்பவர் முதலில் 100 சிசி பைக்கைப் பார்க்க வேண்டும். பலர் அந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

சீட்டு உயரமும் இப்படி ஏமாற்றும் கணக்குத்தான். ஆக்டிவாவின் சீட்டு 764 மில்லிமீட்டர் உயரம். ஸ்பிளெண்டரின் சீட்டு 785. தாளில் ஸ்கூட்டர் தாழ்வு. உட்கார்ந்து பார்த்தால் கதை மாறுகிறது. ஸ்கூட்டரின் சீட்டு அகலம், கால் வைக்கும் தளமும் அகலம். இரண்டு கால்களையும் விரித்துத்தான் தரையைத் தொட முடியும். விரித்த கால் குட்டையாகிவிடும். பைக்கின் சீட்டோ முன்பக்கம் ஒடுங்கியிருப்பதால் பாதம் நேராக இறங்குகிறது. என் உயரம் 165 செ.மீ. ஸ்பிளெண்டரில் இரு பாதங்களும் நன்றாகப் பதிந்தன. ஆக்டிவாவில் குதிகால் தூக்கியே நின்றது. ஆகவே கடையில் அட்டையைப் படித்து வாங்காமல், இரண்டு கால்களையும் ஊன்றி ஒரு நிமிடம் உட்கார்ந்து பாருங்கள்.

முழங்காலுக்கு ஸ்கூட்டர்

பிறகு ஸ்கூட்டரின் பலந்தான் என்ன? ஏறி இறங்குவது. பைக்கில் காலைத் தூக்கிப் பின்சீட்டுக்கு மேலே சுழற்ற வேண்டும். பின்சீட்டில் ஆள் உட்கார்ந்துவிட்டால் அதுவும் முடியாது. மூட்டுத் தேய்மானம் உள்ளவருக்கும் இடுப்பு மூட்டு இறுகியவருக்கும் ஒவ்வொரு முறையும் அது ஒரு தண்டனை. ஸ்கூட்டரில் காலை ஒரு படி அளவு தூக்கினால் போதும், வேட்டியோடும் ஏறலாம். அதோடு இடது பாதம் கியருக்காக நாள் முழுதும் மேலும் கீழும் ஆடுவதில்லை, வலது பாதம் பிரேக் மேல் காத்திருப்பதில்லை. நெல்லை வண்ணார்பேட்டையிலிருந்து ரயில் சந்திப்பு வரை ஊர்ந்து ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறும் நெரிசலில் பைக் ஓட்டினால், கிளட்ச் பிடித்தே இடது மணிக்கட்டு மரத்துப்போகும். ஸ்கூட்டரில் அந்த வேலையே இல்லை. மருத்துவர் என் முழங்காலின் எக்ஸ்ரேயைக் காட்டி, மடக்கி ஊன்றும் வேலைகளைக் குறைக்கச் சொன்ன பிறகு, இந்தச் சிறு சலுகைகள் எனக்குப் பெரிதாகிவிட்டன.

முதுகுக்கு பைக்

முதுகு வலிக்காரர்களுக்கு இதற்கு நேர்மாறு. இதை யாரும் சொல்லாததால்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன்.

பைக்கில் உங்கள் பாதங்கள் உடலுக்குக் கீழே, ஃபுட்ரெஸ்ட்டில் இருக்கின்றன. வேகத்தடையோ பள்ளமோ வந்தால், நாம் அறியாமலே பாதத்தை அழுத்திச் சீட்டிலிருந்து அரை அங்குலம் எழும்பிவிடுகிறோம். குலுக்கலைத் தொடையும் முழங்காலும் வாங்கிக்கொள்கின்றன. ஸ்கூட்டரில் பாதங்கள் உடலுக்கு முன்னால் இருக்கின்றன. நாற்காலியில் உட்கார்ந்த நிலைதான். நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்தபடி எழும்பிப் பாருங்கள், முடியாது. ஆகவே ஒவ்வொரு பள்ளமும் சீட்டு வழியாக நேரே தண்டுவடத்துக்குப் போகிறது.

சக்கரமும் சேர்ந்துகொள்கிறது. ஸ்பிளெண்டரின் 18 அங்குலச் சக்கரம் டயரோடு சேர்த்து ஏறக்குறைய 62 செ.மீ. விட்டம். ஆக்டிவாவின் 10 அங்குலப் பின்சக்கரம் டயரோடு சேர்த்தே 43 செ.மீ.தான். பெரிய சக்கரம் உருண்டு கடக்கும் பள்ளத்தில் சிறிய சக்கரம் விழுந்து எழுகிறது. பாளையங்கோட்டைத் தெருக்களில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். சேரன்மகாதேவி வழியாக எங்கள் ஊர்ப் பக்கம் போகும்போது, மெயின் ரோட்டை விட்டு வயல் சாலையில் இறங்கிய நிமிடத்திலிருந்து இடுப்பு ஒவ்வொரு பள்ளத்தையும் எண்ணத் தொடங்கிவிடும். முன்னும் பின்னும் 12 அங்குலச் சக்கரம் உள்ள டிவிஎஸ் ஜூபிட்டர் இந்த வகையில் சற்று மேல். வித்தியாசம் சிறியதுதான், ஆனால் இடுப்புக்குத் தெரிந்தது.

கையும் காலும் மறக்க வேண்டியவை

மாறுகிறவர்களை எச்சரிக்க வேண்டிய இடம் இது. 40 ஆண்டு பழக்கம் மூளையில் இல்லை, விரல்களில் இருக்கிறது.

பைக்கில் இடது கைப்பிடி கிளட்ச். அவசரத்தில் அதை முழுதாக இழுப்பதுதான் நம் பழக்கம். ஸ்கூட்டரில் அதே இடத்தில் இருப்பது பின்பிரேக். 125 சிசி வரையிலான புதிய வண்டிகளில் 2019 ஏப்ரல் முதல் இணைப்பு பிரேக் அல்லது ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) கட்டாயம் என்பதால், பெரும்பாலான ஸ்கூட்டர்களில் அந்த இடது பிடி முன்சக்கரத்தையும் சேர்த்தே பிடிக்கும். முதல் வாரம் மருமகளின் ஸ்கூட்டரில் ஒரு திருப்பத்தில் வேகம் குறைக்கும்போது, கியர் மாற்றும் நினைப்பில் இடது பிடியை முழுதாக இழுத்துவிட்டேன். வண்டி ஆணியடித்தது போல் நின்றது. பின்னால் பேருந்து வராதது என் நல்ல காலம்.

இன்னொன்று இதைவிட ஆபத்தானது. பைக்கில் கிளட்சைப் பிடித்துக்கொண்டு சிக்னலில் ஆக்சிலேட்டரை லேசாக முறுக்கி வைப்பது பலருக்கும் வழக்கம். ஸ்கூட்டரில் முறுக்கினால் வண்டி பாயும். கியர் பெட்டிக்குப் பதிலாக ஒரு பெல்ட்டும், சுழற்சி வேகம் கூடினால் தானாகவே பிடிக்கும் கிளட்சும் அதில் இருக்கின்றன. இறங்கி நின்று வண்டியைத் தள்ளும்போது வலது கை அறியாமல் முறுக்கிவிட்டால், வண்டி ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். என்ஜினை அணைத்துவிட்டே தள்ளுங்கள். இதில் சமரசமே வேண்டாம்.

வலது காலும் சும்மா இருக்காது. இல்லாத பிரேக்கைத் தேடித் தளத்தை மிதிக்கும். அந்த அரை நொடியில் வண்டி சில மீட்டர் போய்விடும். பத்து நாள் காலையில் ஆளில்லாத மைதானத்துக்குப் போய், 30 கி.மீ. வேகத்திலிருந்து இரண்டு கைகளாலும் நிறுத்திப் பழகினேன். எட்டாம் நாள்தான் கால் மிதிப்பதை நிறுத்தியது.

மலைச் சாலை இறக்கத்தில் ஸ்கூட்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன். பைக்கில் இரண்டாம் கியரில் விட்டால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஸ்கூட்டரில் வேகம் குறைந்ததும் அந்தத் தானியங்கிக் கிளட்ச் விட்டுவிடும். பிறகு வண்டி கட்டற்று உருளும், பாரம் முழுதும் பிரேக்கின் மேல். 70 ஊசிமுனை வளைவுகள் உள்ள கொல்லிமலையில் இறங்கும்போது டிரம் பிரேக் சூடேறிப் பிடிமானம் குறைந்தால் என்ன செய்வது?

காற்றையும் சொல்ல வேண்டும். ஆனி, ஆடியில் பணகுடி தாண்டி ஆரல்வாய்மொழி வரை அடிக்கும் காற்றை எங்கள் பக்கத்தார் அறிவார்கள். முப்பந்தலில் காற்றாலைகள் வரிசையாக நிற்பது அதனால்தான். ஸ்கூட்டரின் அகன்ற முன்தகடு அந்தக் காற்றைப் பாய்மரம் போல் வாங்குகிறது. பெட்ரோல் தொட்டியை முழங்கால்களால் இறுக்கிப் பிடித்து வண்டியை நிலைநிறுத்தும் வசதியும் இல்லை. நாகர்கோவிலுக்கு ஒரே ஒரு முறை ஸ்கூட்டரில் போனேன். இப்போது பேருந்துதான்.

எக்ஸ்எல்லை மறந்துவிடுகிறார்கள்

டிவிஎஸ் எக்ஸ்எல் 100 என்றால் பால்காரர் வண்டி, மீன்காரர் வண்டி என்று ஒதுக்குகிறார்கள். அது பெரிய அநியாயம். 16 அங்குலச் சக்கரம், ஏறக்குறைய 89 கிலோ, கியர் இல்லை, நடுவில் தாழ்ந்த சட்டம் என்பதால் காலைச் சுழற்றவும் வேண்டாம். முழங்காலுக்கும் முதுகுக்கும் ஒரே நேரத்தில் இரங்கும் வண்டி இந்தக் கூட்டத்தில் இது ஒன்றுதான். ஓசூரில் 1980-இல் டிவிஎஸ் 50 பிறந்த நாளிலிருந்து நம் ஊர் வரப்புகளுக்கென்றே வளர்ந்த குடும்பம். வேகம் கிடையாது, 50 கி.மீ.யைத் தாண்டினால் வண்டிக்குச் சிரமம், நான்குவழிச் சாலைக்கு ஆகாது. ஆனால் 60 வயதில் வயலுக்கும் கடைத்தெருவுக்கும் போக 50 கி.மீ. போதாதா?

மின் ஸ்கூட்டர்களில் ஐக்யூப், ஏதர் ரிஸ்டா இரண்டையும் ஓட்டினேன். அதிர்வே இல்லை, சூடு இல்லை. பின்னோக்கி நகரும் வசதி இருக்கிறது. சரிவான இடத்தில் நிறுத்திய வண்டியைக் காலால் உந்தி வெளியே எடுக்கச் சிரமப்படுகிறவருக்கு அது வரம். ஆக்சிலேட்டரை விட்டால் ஏதரில் வண்டி தானே வேகம் குறைகிறது, பைக்கின் என்ஜின் பிடிப்பு போல. ஆனால் ரிஸ்டா 119 கிலோ, ஸ்பிளெண்டரைவிட அதிகம். மாடி வீட்டில் குடியிருந்து, கீழே மின் இணைப்பு இல்லாதவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். வந்தால் மெதுவான ஓட்ட முறையில் வைத்தே முதல் மாதம் ஓட்டுங்கள். மின் மோட்டாரின் இழுப்பு சட்டென்று வரும்.

சாமான் விஷயத்தில் போட்டியே இல்லை, ஸ்கூட்டர்தான். ஜூபிட்டர் 125-இன் டிக்கி 33 லிட்டர். இரண்டு ஹெல்மெட் கொள்ளும். ஆனால் 26 கிலோ அரிசிச் சிப்பத்தைக் கால் வைக்கும் தளத்தில் ஏற்றிக்கொண்டு, பாதங்களை ஓரத்தில் தொங்கவிட்டுப் போகும் பெரியவர்களைத் தினமும் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். சாயும் நொடியில் ஊன்றக் கால் வராது. பெட்ரோலைப் பொறுத்தவரை ஸ்பிளெண்டரின் தொட்டி 9.8 லிட்டர், ஆக்டிவாவினுடையது 5.3. மைலேஜும் பைக்கில்தான் கூடுதல். மாதத்துக்கு ஒரு முறை பங்க் போனவர் மூன்று முறை போவார், அவ்வளவுதான்.

உரிமத்தையும் எடுத்துப் பாருங்கள். 55 வயதைக் கடந்தவர்களுக்கு ஐந்தைந்து ஆண்டுகளுக்குத்தான் புதுப்பித்துத் தருகிறார்கள், மருத்துவச் சான்றோடு. கியர் வண்டி உரிமம் உள்ளவர் ஸ்கூட்டர் ஓட்டலாம். கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் உரிமம் பெற்றவர் பைக் ஓட்ட முடியாது. ஆகவே ஸ்கூட்டருக்கு மாறினாலும் புதுப்பிக்கும்போது கியர் உரிமத்தை விட்டுவிடாதீர்கள்.

எனக்கு வலி முழங்காலில். முதுகு இன்னும் நன்றாகவே இருக்கிறது. அதனால் நகரத்துக்கு, இரு பக்கமும் 12 அங்குலச் சக்கரம் உள்ள ஸ்கூட்டர் வாங்கினேன். 22 ஆண்டுகளாகப் பின்சீட்டில் வந்த மனைவி இப்போது அதையே ஓட்டிக்கொண்டு காய்கறி வாங்கப் போகிறாள். வீட்டில் இருவருக்கும் ஒரே வண்டி. ஊரில் தம்பி வீட்டில் பழைய எக்ஸ்எல் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறேன். பேருந்தில் இறங்கி அதை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போகிறேன்.

வண்டி எடுத்த அன்று மெக்கானிக்கிடம் காட்டப் போனேன். பட்டறை வாசலில் அவருடைய 100 சிசி பைக் நின்றது. அவருக்கு 58 வயது. கீழ்முதுகில் தட்டு விலகி நான்கு ஆண்டுகளாகின்றன. மகன் ஆசையாக வாங்கித் தந்த ஸ்கூட்டரை மூன்று மாதம் ஓட்டிவிட்டு, மகளுக்குக் கொடுத்துவிட்டுப் பழைய பைக்குக்கே திரும்பியவர். என் ஸ்கூட்டரைச் சுற்றி வந்து பின்டயரின் காற்றை அழுத்திப் பார்த்தார். "இரண்டு பவுண்டு குறைத்துவிடுகிறேன் அண்ணாச்சி, உங்கள் முதுகு இப்படியே இருக்க வேண்டும்" என்றார்.