வறட்சி நிவாரணம் வாங்கித் தருவதாக யாராவது வந்தால் காசு கொடுக்காதீர்கள் (அரிசோனா, பினால் கவுண்டி)

1,450 டாலர் போச்சு. சாண்ட்லரிலிருந்து போய் பினால் கவுண்டியில் நிலம் வாங்கி ஆடு வளர்க்கும் நம்மவர்கள் கொஞ்சம் நின்று படியுங்கள்.

பெயர் வேண்டாம். விவசாயிக்கு அரசு உதவி 'வாங்கித் தரும்' ஆலோசனை ஆபீஸ், அவ்வளவுதான். அங்கிருந்த ஆள், 30 ஆடு, தலைக்கு மாதம் 60 டாலர், மூன்று மாதத்துக்கு 5,400 என்று கணக்குப் போட்டுக் காட்டினார். நான் விழுந்த இடம் எது தெரியுமா? வியாழன்தோறும் வெளியாகும் வறட்சி வரைபடத்தை அனுப்பி, நம் கவுண்டி சிவப்பில் இருப்பதைக் காட்டினாரே, அங்கேதான். சிவப்பு என்றால் டி3, அதாவது தீவிர வறட்சி. மேய்ச்சல் காலத்தில் எப்போது டி3 வந்தாலும் மூன்று மாதத் தொகைக்குத் தகுதி உண்டு. அது சத்தியமான உண்மை. இவ்வளவு தெரிந்தவர் மற்றதையும் சரியாகத்தான் சொல்வார் என்று 1,450 டாலரைப் ஃபோனிலேயே தட்டிவிட்டேன்.

தலைக்கு இவ்வளவு என்றதுதான் புளுகு. மாதத் தீவனச் செலவில் 60 சதவீதம்தான் தருவார்கள். அந்தச் செலவையும் கால்நடை எண்ணிக்கைப்படி ஒரு தடவை, நிலம் தாங்கும் அளவுப்படி ஒரு தடவை கணக்கிட்டு, குறைந்ததையே எடுப்பார்கள். பாலைவனத்தில் அடி விழுவது இங்கேதான். கிரியோசோட் புதரும் மெஸ்கிட்டும் (நம்ம ஊர் சீமைக்கருவேலத்தின் பங்காளி) நிற்கும் 20 ஏக்கர் ஒரு மாட்டுக்கே காணாது. அதில் 30 ஆடு நின்றாலும், பணம் ஓரிரு ஆட்டுக்குத்தான் வரும். ஒழுங்காக மனுப் போட்டிருந்தாலும் அந்த 1,450இல் பத்தில் ஒரு பங்குகூடத் தேறியிருக்காது!

ஆட்டை வாங்கிய ரசீதை அவர் கேட்கவே இல்லை. அப்போதே உறைத்திருக்க வேண்டும். வறட்சித் தகுதி தொடங்குவதற்கு முந்தைய 60 நாளில் ஆடு நம் கையில் இருந்ததற்கு ஆதாரம் வேண்டும். வியாபாரத்துக்கு வளர்ப்பதாகவும் இருக்க வேண்டும், ஆசைக்கு வளர்த்தால் செல்லாது.

பிறகு கேட்டபோதெல்லாம் ஒரு சாக்கு. "ஃபைல் போயாச்சு சார்." "வாஷிங்டன்ல பெண்டிங்." "சிஸ்டம் டவுன், அடுத்த வாரம் பாருங்க." வறட்சி வந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு மார்ச் 1 வரை மனுக் கொடுக்கலாம். அந்தத் தேதி தாண்டும்வரை இப்படியே ஓட்டினார். கடைசியில் வேளாண்மைத் துறையின் கவுண்டி அலுவலகத்தில் நானே போய்க் கேட்டேன். என் பெயரில் மனு இல்லை. பண்ணை எண்ணே (நிலத்தை அங்கே பதிந்தால் தரும் எண்) இல்லை! "கட்டணம் எதற்குக் கொடுத்தீர்கள்? இது இலவசம்தானே" என்றார் அங்கே இருந்த அம்மா. பேங்கில் கேட்டால், நீங்களாக அனுப்பிய பணம், திருப்ப முடியாது என்கிறார்கள்.

நிறைய எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. கவுண்டி அலுவலகத்துக்கு நேரில் போங்கள், முதலில் பண்ணை எண் வாங்குங்கள். சிசிசி-853தான் மனு, அதோடு 902, 941, ஏடி-1026 படிவங்களும் கேட்பார்கள். மேய்ச்சல் நில ஏக்கர் கணக்கையும் கொடுக்க வேண்டும். குத்தகை நிலம் என்றால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். மனுக் கொடுத்ததும் தேதி போட்ட நகல் கேட்டு வாங்குங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண்ணை என்னைப் போல் தூக்கிக் கொடுத்திருந்தால், இன்றைக்கே ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று கிரெடிட் கணக்கு நிறுவனங்களிலும், உங்கள் பெயரில் யாரும் கடன் வாங்காதபடி கிரெடிட்டை முடக்குங்கள்.

காலையில் அந்த ஆளுக்கு மறுபடி ஃபோன் அடித்துப் பார்த்தேன். வாய்ஸ்மெயில் நிரம்பிவிட்டதாம்.