பேரக்குழந்தையோடு ஒரு நாள்: வண்டலூரா, கிண்டியா?

மூன்று வயதுப் பேரனையோ பேத்தியையோ அழைத்துக்கொண்டு சென்னையில் ஒரு நாளை நிம்மதியாகக் கழிக்க வேண்டும். வண்டலூர் உயிரியல் பூங்காவா, கிண்டி சிறுவர் பூங்காவா? இரண்டுக்கும் செவ்வாய் விடுமுறை என்பதை முதலில் மனதில் வையுங்கள்.

நடை: என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். வண்டலூர் 602 ஹெக்டேர். ஒரு கூண்டிலிருந்து அடுத்ததற்குப் போவதற்குள் குழந்தை "தூக்கு" என்று கையை நீட்டிவிடும். தாத்தா பாட்டியின் மூட்டு தாங்காது. பேட்டரி வண்டி உண்டு, ஆனால் விடுமுறை நாளில் காத்திருக்க நேரும். கிண்டி சின்னது, மரநிழலும் உண்டு.

பார்க்க: வண்டலூரில் வெள்ளைப்புலி, சிங்கம், நீர்யானை. கிண்டியில் மான், பறவைகள், அப்புறம் ஊஞ்சலும் சறுக்கும். தூரத்தில் படுத்துக் கிடக்கும் புலியைவிட, கம்பி வலைக்கு அந்தப் பக்கம் காதை ஆட்டியபடி அசைபோடும் புள்ளிமானைத்தான் இந்த வயதுக் குழந்தை கண் கொட்டாமல் பார்க்கும்.

செலவு: கிண்டியில் நுழைவுக் கட்டணம் குறைவு.

போய்வர: வண்டலூருக்கு மின்சார ரயில் உண்டு, ஆனாலும் அரை நாள் போதாது. கிண்டி நகருக்குள்ளேயே இருக்கிறது, மதியத் தூக்கத்துக்கு வீடு திரும்பிவிடலாம்.

ஐந்து வயதுக்குள் என்றால் கிண்டிதான் சரி. ஆறு, ஏழு வயதாகி, நடக்கவும் கேள்வி கேட்கவும் தெம்பு வந்த பிள்ளைக்கு வண்டலூர். காலையில் திறந்ததுமே போய்விடுங்கள்.