கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ்: ஓவியர் பெயர் தேடுபவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய தளம்

படக்கதை இதழ்களின் விவரங்களைத் தொகுத்துத் தரும் இந்தத் தளத்தைப் படக்கதைப் பிரியர்களுக்குத் தயங்காமல் சொல்வேன். 1994-ல் தன்னார்வலர்கள் தொடங்கியது, இலவசம். ஒரு இதழைத் திறந்தால் அதிலுள்ள ஒவ்வொரு கதைக்கும் எழுதியவர், பென்சிலில் வரைந்தவர், மை பூசியவர், வண்ணம் தீட்டியவர், படத்துக்குள் வசன எழுத்துகளை வரைந்தவர் என்று தனித்தனிக் கட்டங்கள், அட்டைப்படத்துக்கும் அப்படியே. யார் வரைந்தது என்று தெரியாவிட்டால் ஊகித்து நிரப்பாமல் கேள்விக்குறி போட்டுவிடுகிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த நேர்மைதான்.

இதைப் பார்த்த கையோடு ஆன்லைன் புத்தகக் கடைகளுக்குப் போனால் கோபம்தான் வருகிறது, ஏனென்றால் நான் அடிக்கடி வாங்கும் ஒரு கடையில் பக்கத்துக்குப் பக்கம் படம் இருக்கிற குழந்தைப் புத்தகத்துக்குக்கூட எழுத்தாளர் பெயர் மட்டும்தான் இருக்கிறது. வசதி இல்லாமல் இல்லை. பதிப்பகங்கள் கடைகளுக்குத் தரவு அனுப்பும் ஓனிக்ஸ் முறையில் ஓவியருக்கென்றே ஏ12 என்ற குறியீடு உண்டு, நூலகங்கள் புத்தக விவரங்களைப் பதியும் மார்க் முறையிலும் ஓவியருக்கு இடம் உண்டு. ஆனால் பதிப்பகம் அதை நிரப்பாமல் விட்டால் கடை, நூலகம், விற்பனைப் பட்டியல் எல்லாவற்றிலும் ஓவியர் காணாமல் போகக்கூடும், அவர் பெயரைத் தட்டித் தேடும் வாசகருக்குப் புத்தகமே கிடைக்காது. ஓவியர் சாரா மெக்கின்டயர் 2015-ல் பிரிட்டனில் தொடங்கிய ‘பிக்சர்ஸ் மீன் பிசினஸ்’ இயக்கம் கேட்டதும் ஓவியர் பெயரை விடாமல் சேர்க்க வேண்டும் என்பதைத்தான்.

சரி, குறையும் உண்டு: தளத்தின் தோற்றம் பழசு, புதிதாக வருபவர் தேடல் பக்கத்தில் கொஞ்சம் திணறுவார். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.